ஜப்பானில் குறைவு, பெருவில் அதிகம்: கொரோனா இறப்புக் கணக்கு ஏன் இப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கொரோனாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், அதிலும் சர்க்கரை நோயோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்று சொல்கிறார்கள், அப்படியானால் உலகிலேயே முதியோர் நிறைந்த நாடுகளில் ஒன்றான ஜப்பானில் 2020, 2021 ஆண்டுகளில் இறப்பு ஏன் அவ்வளவு குறைவு, இளையோர் மிகுந்த தென் அமெரிக்க நாடான பெரு ஏன் மக்கள்தொகைக் கணக்கில் முதலிடத்துக்கு வந்தது, இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்? இரண்டுமே பொய் இல்லை. நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தொற்று வந்தவர்களில் யார் இறக்கிறார்கள் என்பது ஒன்று. ஓர் இடத்தில் எத்தனை பேர் இறந்ததாகப் பதிவாகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடையை எடுத்து இரண்டாவதற்குப் பொருத்தினால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நோய்ப்பரவலியல் படித்துவிட்டு, பணிக்காலத்தின் பெரும்பகுதியை இறப்புச் சான்றிதழ்களைப் படித்து அவற்றுக்குக் குறியீடு இடுவதிலும், அப்படிச் சேர்ந்த எண்களைச் சரிபார்ப்பதிலும் கழித்தவன் நான். நோயாளிக்கு மருந்து எழுதும் மருத்துவன் அல்லன். ஆகவே உங்கள் தந்தைக்கு ஆபத்து எவ்வளவு என்று நீங்கள் இடையில் கேட்டிருப்பதற்கு அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். கூட்டமாக மக்களை எடுத்துக்கொண்டால் எண்கள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

'இறப்பு விகிதம்' என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு கணக்குகளுக்குப் புழங்குவதுதான் குழப்பத்தின் ஊற்றுக்கண். மூன்றிலும் மேலே நிற்பது இறந்தோர் எண்ணிக்கைதான். கீழே எதனால் வகுக்கிறோம் என்பதுதான் மாறுகிறது. பரிசோதனையில் உறுதியானவர்களால் வகுப்பது ஒரு கணக்கு; பரிசோதித்தார்களோ இல்லையோ, தொற்று வந்த எல்லாராலும் வகுப்பது இன்னொரு கணக்கு; மொத்த மக்கள்தொகையால் வகுப்பது மூன்றாவது. 2020 பிப்ரவரியில் சீனாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், உறுதியான 44,672 நோயாளிகளில் 1,023 பேர் இறந்தார்கள் என்று வெளியிட்டது, அது 2.3 சதவீதம். அடுத்த மாதமே இத்தாலியின் விகிதம் அதைத் தாண்டிப் போனதும், அங்கே வைரஸ் கொடியதாக மாறிவிட்டது, மருத்துவமனைகள் கைவிரித்துவிட்டன என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. மார்ச் தொடக்கத்து விவரங்களை வயதுப் பிரிவு வாரியாகப் பிரித்து அருகருகே வைத்தவர்கள் கண்டது வேறு: ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இத்தாலியின் விகிதம் சீனாவைவிடக் குறைவு, மொத்தத்தில் மட்டும் அதிகம். இத்தாலியில் உறுதியானவர்களில் முதியோர் பங்கு கூடுதலாக இருந்ததே காரணம். புள்ளியியலில் இதைச் சிம்ப்சன் முரண் என்பார்கள். வகுப்பறையில் கற்பனை எண்களை வைத்துப் படித்த ஒன்றை உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பட்டியலில் கண்டபோது எனக்கு வியப்பைவிட அச்சம்தான் அதிகமாக இருந்தது, ஏனென்றால் அந்த மொத்த விகிதத்தை வைத்துத்தான் பலர் முடிவுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி முதல் கேள்வி. தொற்று வந்தவர்களில் யார் இறக்கிறார்கள் என்பதில் வயதுக்கு அருகில் வரக்கூடிய காரணி வேறு எதுவும் இல்லை. இதில் எனக்கு ஐயமே கிடையாது. தடுப்பூசிக்கு முந்தைய காலத்தின் பல ஆய்வுகளைத் திரட்டி 2020 இறுதியில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, தொற்று வந்தவர்களில் இறப்போர் 10 வயதில் 0.002 சதவீதம், 25 வயதில் 0.01 சதவீதம், 55 வயதில் 0.4 சதவீதம், 65 வயதில் 1.4 சதவீதம், 75 வயதில் 4.6 சதவீதம், 85 வயதில் 15 சதவீதம். இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 25 வயதுக்காரருக்கும் 85 வயதுக்காரருக்கும் இடையே இருப்பது இரண்டு மடங்கோ பத்து மடங்கோ அன்று, 1,500 மடங்கு. வேறு விதமாகச் சொன்னால், ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு ஒரு முறை ஆபத்து இரட்டிப்பாகிறது. இந்த 'ஆறு ஆண்டுக்கு இரு மடங்கு' என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாக் காரணிகளையும் அளக்க இதையே நான் முழக்கோலாக வைத்துக்கொள்கிறேன்.

மற்ற காரணிகளுக்குக் கிடைத்த ஆதாரங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று இங்கிலாந்தில் 'ஓப்பன்சேஃப்லி' என்ற திட்டம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு. அடையாளம் நீக்கிய ஏறத்தாழ 1 கோடியே 73 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளும், அவர்களில் கொரோனாவால் நேர்ந்த 10,926 இறப்புகளும் அதன் அடிப்படை. வயது முதலியவற்றைச் சமன்செய்த பிறகு, அதாவது அவற்றில் ஒத்தவர்களை ஒப்பிட்டால், பெண்களைவிட ஆண்களுக்கு 1.59 மடங்கு ஆபத்து. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய்க்கு 1.95 மடங்கு, கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை நோய்க்கு 1.31 மடங்கு. மிகக் கடுமையான உடல் பருமனுக்கு 1.92 மடங்கு. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு மூன்றரை மடங்கு. மிக வறிய பகுதிகளில் வாழ்வோருக்கு, மிகச் செழிப்பான பகுதிகளில் வாழ்வோரைவிட 1.79 மடங்கு. இப்போது முழக்கோலை எடுங்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயின் சுமை, வயதில் ஆறு ஆண்டு கூடியதற்குச் சமம். ஆணாகப் பிறந்ததன் சுமை ஏறத்தாழ நான்கு ஆண்டு. சர்க்கரை நோய் பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. 70 வயதுக்காரருக்கு இன்னும் ஆறு ஆண்டு கூடுவது சிறிய செய்தி அன்று. ஆனால் 30 வயதுக்காரருக்கு ஆறு ஆண்டு கூடினாலும் அவர் 36 வயதுக்காரரின் ஆபத்தில்தான் நிற்கிறார். நாளிதழ்களில் 'இரு மடங்கு ஆபத்து' என்று தலைப்பிட்டபோது இந்த வேறுபாடு விழுங்கப்பட்டுவிட்டது.

அந்த ஆய்வைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. அது தொற்று வந்தவர்களை மட்டும் பின்தொடர்ந்த ஆய்வு அன்று. பொதுமக்கள் அனைவரிலும் யார் இறந்தார்கள் என்று பார்த்தது. எனவே வறிய பகுதிக்கான 1.79 மடங்கில், நெருக்கமான வீடு, வீட்டிலிருந்தே செய்ய முடியாத வேலை என்று தொற்று வருவதற்கே கூடுதலாக இருந்த வாய்ப்பும், வந்தபின் இறப்பதற்கான வாய்ப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. அதே ஆய்வில், எல்லாவற்றையும் சமன்செய்த பட்டியலில் புகைபிடிப்போருக்கு ஆபத்து சற்றுக் குறைவாக, 0.89 என்று வந்தது. புகை காக்கிறது என்று சிலர் அதைக் கொண்டாடவும் செய்தார்கள். புகைபிடித்தல் ஆளைக் கொல்வது நுரையீரல் நோய், இதய நோய் ஆகியவற்றின் வழியாகத்தான். அந்த நோய்களையும் கணக்கில் சமன்செய்துவிட்டால் புகையின் குற்றத்தில் பெரும்பகுதியை நாமே அழித்துவிடுகிறோம். வயதையும் பாலினத்தையும் மட்டும் சமன்செய்தபோது அதே எண் 1.14. எதைச் சமன்செய்தார்கள் என்று கேட்காமல் ஆபத்துக் காரணிப் பட்டியலைப் படிக்கவே கூடாது என்பேன்.

இப்போது நாடுகளுக்கு வருவோம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் இன்னொரு நாட்டில் நூற்றுக்கு இருபது பேருக்கும் சர்க்கரை நோய். மற்ற அனைத்தும் ஒன்றே. சர்க்கரை நோயாளிக்கு இரு மடங்கு ஆபத்து. நோயில்லாதவரின் ஆபத்தை 1 என்று கொண்டால், முதல் நாட்டின் சராசரி 1.1, இரண்டாவதன் சராசரி 1.2. வேறுபாடு வெறும் 9 சதவீதம். நாடுகளுக்கிடையே நாம் கண்டதோ பத்து மடங்கும் நூறு மடங்குமான வேறுபாடு. தனி ஆளுக்குப் பெரிதாகத் தெரியும் ஒரு காரணி, வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாமல் கரைந்துபோவது இப்படித்தான்.

இதை மறந்தால் என்னாகும் என்பதற்கு வியட்நாம் நல்ல சாட்சி. 2021 மார்ச்சில் உலக உடல் பருமன் கூட்டமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. வயது வந்தோரில் பாதிக்கு மேல் உடல் எடை மிகுந்த நாடுகளில் கொரோனா இறப்பு விகிதம் பத்து மடங்கு அதிகம் என்பது அதன் முக்கியச் செய்தி. உடல் எடை மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றான வியட்நாமில் அப்போது பதிவாகியிருந்த மொத்த இறப்பு வெறும் 35. அதே ஆண்டின் நடுப்பகுதியில் டெல்டா வகை அந்நாட்டுக்குள் பரவியது. டிசம்பர் முடிவில் இறந்தோர் எண்ணிக்கை 32,000-ஐத் தாண்டியிருந்தது. ஒன்பது மாதத்தில் வியட்நாமியர்கள் பருத்துவிடவில்லை. மாறியது ஒன்றே ஒன்று, முன்பு நுழையாத வைரஸ் இப்போது நுழைந்துவிட்டது. பருமன் தனி ஆளுக்கு ஆபத்து என்பது உண்மையாகவே இருக்கலாம். நாடுகளை வரிசைப்படுத்தி அதை நிறுவ முற்பட்டதுதான் தவறு.

ஆக, இரண்டாவது கேள்விக்கான விடையின் முதுகெலும்பு இதுதான்: தடுப்பூசி வருவதற்கு முன்பு எத்தனை பேருக்குத் தொற்று வந்தது? பெருவின் அமேசான் பகுதியில் உள்ள இக்கீத்தோஸ் நகரில் 2020 ஜூலையில் இரத்த மாதிரி எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. டோக்கியோவில் 2020 டிசம்பரில் அதேபோல் பார்த்தபோது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. வயதால் வரும் வேறுபாடு எவ்வளவு பெரிதானாலும், நெருப்பே படாத விறகு எரியாது. ஜப்பானின் முதியவர்களில் மிகப் பெரும்பாலோர் வைரஸை முதன்முதலாகச் சந்தித்தபோது அவர்கள் உடலில் தடுப்பூசி ஏறியிருந்தது. பெருவின் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் அதைச் சந்தித்தபோது அவர்களுக்கு ஆக்சிஜன்கூட இல்லை.

பெருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ஊரடங்கு போடாததால் இறந்தார்கள்' என்ற சுலபமான விடை அங்கே பொருந்தாது. 2020 மார்ச் 16 அன்றே, தென் அமெரிக்காவில் முந்திக்கொண்டு, கடுமையான ஊரடங்கை நடைமுறைப்படுத்திய நாடு அது. ஆனால் உழைப்போரில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் அன்றன்று சம்பாதித்து அன்றன்று உண்பவர்கள். ஏறத்தாழ பாதி வீடுகளில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. ஒரு வாரத்துக்கு வாங்கி வைக்க வழியில்லாததால் ஓரிரு நாளுக்கொரு முறை சந்தைக்குப் போயே ஆக வேண்டும். அரசு கொடுத்த உதவித்தொகையை வாங்க வங்கி வாசலில் நீண்ட வரிசை. வங்கிக் கணக்கு இல்லாதவர்களே அதிகம் என்பதால் நேரில் போவதைத் தவிர வழியில்லை. சந்தையும் வரிசையும் வைரஸுக்குப் போதுமானவையாக இருந்தன. நோய் முற்றியபின் இன்னொரு முட்டுக்கட்டை. மருத்துவ ஆக்சிஜன் குறைந்தது 99 சதவீதம் தூய்மையாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டு விதி சொன்னது. மருத்துவமனையிலேயே காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் சிறு ஆலைகள் தருவது 93 சதவீதம் அளவில்தான்; சிகிச்சைக்கு அது போதும் என்று உலகச் சுகாதார நிறுவனமே ஏற்றிருந்தது. அந்த விதியை அவசர ஆணையால் தளர்த்தியது 2020 ஜூனில், உறவினர்கள் காலி உருளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிரப்பு நிலையங்களின் முன் இரவெல்லாம் நின்ற பிறகு. 'நாட்டுக்கு நாடு வேறுபாடு' என்று நாம் வரைபடத்தில் ஒரு நிறமாகப் பார்ப்பதற்குள் இப்படிப்பட்ட ஒரு விதி, இப்படிப்பட்ட ஒரு வரிசை ஒளிந்திருக்கிறது.

தொற்று தடுப்பூசிக்கு முன் வந்ததா பின் வந்ததா என்பதோடு, யாருக்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தது என்பதும் முக்கியம். ஹாங்காங் இரண்டு ஆண்டுகள் வைரஸை வெளியிலேயே நிறுத்தி வைத்தது. 2022 தொடக்கத்தில் ஒமிக்ரான் உள்ளே புகுந்தபோது, மக்களில் பலர் தடுப்பூசி போட்டிருந்தாலும் மிக முதியவர்களில் பெரும் பங்கினர் போட்டிருக்கவில்லை. ஜனவரி தொடங்கி மார்ச் 21 வரை பதிவான 5,906 இறப்புகளில் 96 சதவீதம் 60 வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் 70 சதவீதம் பேர் ஒரு தவணைகூடப் போடாதவர்கள். அதே காலத்தில் அதே ஒமிக்ரானை எதிர்கொண்ட நியூசிலாந்தில், முதியோருக்கு முதலில் போட்டு முடித்திருந்ததால், அத்தகைய நிலை வரவில்லை. ஒரு நாட்டின் 'மொத்தத் தடுப்பூசி சதவீதம்' என்ற எண் இதை மறைத்துவிடும். 80 வயதுக்கு மேல் எத்தனை சதவீதம் என்ற எண்ணைத்தான் தேட வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு உறுதி உண்டு. அடுத்தது என் சொந்தத் துறை. இங்கேதான் ஐயங்களும் அதிகம். இறப்பை எண்ணுவது எளிது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதும் பகுதியைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் வரியில் உடனடிக் காரணம். அதன் கீழ், 'இது எதனால் நேர்ந்தது'. அதற்கும் கீழ், 'அது எதனால் நேர்ந்தது'. ஏணியில் இறங்குவது போல இறங்கி, அடிப்படியில் எது நிற்கிறதோ அதுதான் புள்ளிவிவரத்தில் ஏறும். ஒழுங்காக எழுதினால் 'மூச்சுத் திணறல் முற்றிய நிலை, நிமோனியாவால். நிமோனியா, கொரோனாவால்' என்று வரும். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் தனியாகக் கீழே, துணைக் காரணங்களாக நிற்கும். நடைமுறையில் என் மேசைக்கு வந்தவற்றில் பல, 'இதயமும் மூச்சும் நின்றுவிட்டன' என்ற ஒரே வரியோடு முடிந்துபோனவை. இதயமும் மூச்சும் நிற்காமல் யார் இறந்தார்? அந்தத் தாளிலிருந்து எந்த நோயையும் என்னால் எடுக்க முடியாது. சர்க்கரை நோயை அடிப்படியில் எழுதி, கொரோனாவைத் துணைப் பகுதியில் தள்ளிய தாள்களும் உண்டு. அவை சர்க்கரை நோய் இறப்பாகவே போய்ச் சேரும். பரிசோதனையில் உறுதியானதற்கு யு07.1 என்றும், உறுதியாகாமல் மருத்துவர் அறிகுறியை வைத்துத் தீர்மானித்ததற்கு யு07.2 என்றும் இரண்டு குறியீடுகள் வந்தன. இரண்டாவதைச் சேர்ப்பதா விடுவதா என்பதை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் முடிவு செய்தது. பெல்ஜியம் முதியோர் இல்லங்களில் சந்தேகத்துக்குரிய இறப்புகளையும் சேர்த்து எண்ணி, 2020-இல் பட்டியலின் உச்சியில் நின்று பேர் கெடுத்துக்கொண்டது. நேர்மையாக எண்ணியதற்கான தண்டனை என்று அப்போது நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

பெருவும் பட்டியலின் உச்சிக்கு வந்தது ஓரளவு இப்படித்தான். 2021 மே 31 அன்று அந்நாட்டு அரசு, ஒரு வல்லுநர் குழு திரும்ப எண்ணியதை ஏற்று, தன் கணக்கை 69,342-லிருந்து 1,80,764-ஆக மாற்றியது. ஒரே இரவில் ஒரு லட்சத்துக்கும் மேல் புதிதாக யாரும் இறந்துவிடவில்லை; மருத்துவப் படம், அறிகுறி, தொடர்பு, சான்றிதழ் ஆகியவற்றையும் அடையாளமாக ஏற்றார்கள். அண்டை நாடுகள் பல அந்த அளவில் திரும்ப எண்ணவில்லை. ஆகவே பெரு முதலிடம் என்பதை 'ஒழுங்காக எண்ணிய நாடுகளில் முதலிடம்' என்று படிப்பதே பாதுகாப்பு.

எண்ணாத இடத்தில் என்ன இருந்தது என்பதற்கு ஜாம்பியாவின் லுசாகா நகரப் பிணவறையில் நடந்த ஆய்வைச் சொல்வேன். 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கொண்டுவரப்பட்ட 364 உடல்களில் மூக்குச் சளி எடுத்துப் பார்த்தார்கள். 70 உடல்களில் வைரஸ் இருந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அந்த 70 பேரில் 51 பேர் மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் உயிரோடிருந்தபோது பரிசோதனை நடக்கவில்லை. ஆப்பிரிக்காவைக் கொரோனா தொடாமல் போய்விட்டது என்று உலகம் வியந்துகொண்டிருந்த அதே மாதங்கள் அவை.

இதனால்தான் எங்கள் துறையினர் 'மிகை இறப்பு' என்ற கணக்கை நாடுகிறார்கள்: எந்தக் காரணத்தால் என்று பார்க்காமல், வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று மட்டும் பார்ப்பது. இத்தாலியின் நெம்ப்ரோ என்ற சிற்றூரில் 2020-இன் முதல் மூன்று மாதம் முடிவதற்குள் 158 பேர் இறந்தார்கள். முந்தைய ஆண்டுகளில் அதே காலத்துச் சராசரி 35. கொரோனா என்று அப்போது பதிவானவை வெறும் 31. உலகம் முழுவதற்குமாக உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு, 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 1 கோடியே 49 லட்சம் மிகை இறப்புகள். நாடுகள் அறிவித்திருந்தவை 54 லட்சம். மதிப்பீட்டின் வீச்சு 1 கோடியே 33 லட்சத்திலிருந்து 1 கோடியே 66 லட்சம் வரை. அந்த வீச்சையும் சேர்த்துத்தான் மேற்கோள் காட்ட வேண்டும். இந்தியாவுக்கு அது சொன்ன 47 லட்சத்தை, அறிவித்த கணக்கைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு என்பதால், இந்திய அரசு ஏற்கவில்லை. முழுமையான மாதவாரி இறப்புப் பதிவு இல்லாத நாடுகளுக்கு அந்த எண், கணித மாதிரியின் விளைவே தவிர எண்ணிக்கை அன்று. பதிவு முழுமையாக உள்ள ஜெர்மனியிலேயே 'வழக்கமான அளவு' என்ற கோட்டை வரைந்த விதத்தால் மிகையாகிவிட்டது என்ற விமர்சனம் எழுந்து, அதைக் குறைத்துத் திருத்த வேண்டி வந்தது. மிகை இறப்புக்குள் கொரோனாவால் இறந்தவர்கள் மட்டுமின்றி, சிகிச்சை கிடைக்காமல் மாரடைப்பில் இறந்தவர்களும் இருப்பார்கள். சாலை விபத்தும் சளிக்காய்ச்சலும் குறைந்ததால் பிழைத்தவர்கள் அதிலிருந்து கழிந்திருப்பார்கள். குறை உள்ள அளவுகோல்தான். கையில் இருப்பவற்றில் குறை குறைந்தது அதுவே.

ஒரு நாட்டுக்குள்ளேயும் வரைபடம் சீராக இல்லை. கனடாவில் முதல் அலையின் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் நேர்ந்தவை. அமெரிக்காவில் தொடக்கத்தில் நியூயார்க் போன்ற பெருநகரங்கள் முன்னே நின்றன. பிறகு சிற்றூர்ப் பகுதிகள் முந்திக்கொண்டன. முதலில் விமானங்கள் வந்திறங்கும் இடம் தீர்மானித்தது, பின்னர் தடுப்பூசியும் மருத்துவமனைத் தொலைவும் தீர்மானித்தன.

ஐயத்துக்குரியவற்றையும் நீங்கள் பட்டியலிட்டிருந்தீர்கள், விரைவாகக் கடக்கிறேன். காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போடும் நாடுகளில் இறப்பு குறைவு என்று 2020-இல் பல கட்டுரைகள் வந்தன. வியட்நாம் கதையில் கண்ட அதே பிழைதான் அது. சுகாதாரப் பணியாளர்களிடம் முறையான சோதனை நடத்தி 2023-இல் வெளியிட்டபோது பயன் தெரியவில்லை. மரபணு பற்றிக் கேட்டீர்கள்: நியண்டர்தால் என்ற, அழிந்துபோன பழைய மனித இனத்திடமிருந்து வந்ததாகக் கருதப்படும் ஒரு மரபுக் கூறு தெற்காசியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடமும், ஐரோப்பியரில் ஆறில் ஒருவரிடமும் உண்டு, அது நோய் கடுமையாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பவை நிறுவப்பட்டவை. கூட்டும் அளவு ஏறத்தாழ 1.6 மடங்கு, என் முழக்கோலில் நான்கு ஆண்டு. உயிரியலாக உண்மை, வரைபடத்தை விளக்கப் போதாது. வெப்பமான வறிய நாடுகளில் மக்களுக்கு இயற்கையாகவே எதிர்ப்பாற்றல் அதிகம் என்ற கருத்துக்கு எதிராகவே சான்றுகள் நிற்கின்றன. ஒரே வயதினரை ஒப்பிட்டால், தொற்று வந்தவர்களில் இறப்போர் வளரும் நாடுகளில் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2022-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. மொத்த விகிதத்தைத் தாழ்த்திக் காட்டியது அங்குள்ள மக்களின் இளமையும் பதிவின் குறையும்தான்.

வயதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொன்ன நான் ஒன்றையும் சேர்த்தாக வேண்டும். வயது முதன்மைக் காரணி என்பது இந்த வைரஸுக்கான உண்மை, கொள்ளைநோய்களுக்கெல்லாம் பொதுவான விதி அன்று. 1918 இன்ஃபுளுவென்சா 20 முதல் 40 வயதுக்குட்பட்டோரை வாரிக்கொண்டு போனது. 2009-இன் எச்1என்1 காய்ச்சலில் இறந்தோரில் ஏறத்தாழ 80 சதவீதம் 65 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். அதை ஒத்த வைரஸ்களை இளமையில் சந்தித்திருந்த முதியோருக்குப் பழைய எதிர்ப்பாற்றல் கைகொடுத்தது. வயதுக் காரணி மாறியபோதும் மாறாதது, வைரஸ் உள்ளே வந்ததா என்ற கேள்வி. 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த டலூன் என்ற கப்பலைப் பசிபிக் கடல் தீவுப் பகுதியான மேற்கு சமோவா கரையேற விட்டது. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டனர். சிறு கடல்தூரத்தில் உள்ள அமெரிக்க சமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது. அங்கே அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. ஒரே இனம், ஒரே மொழி, ஒரே உணவு, ஒரே தட்பவெப்பம்.

ஜப்பானுக்குத் திரும்பி முடிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேள்வியில் வைத்த இறப்புப் பட்டியல் 2021 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதுவரை ஜப்பானில் பதிவான கொரோனா இறப்புகள் ஏறத்தாழ 18,000. ஒமிக்ரான் நாடெங்கும் பரவிய 2022 என்ற ஒரே ஆண்டில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இறந்தார்கள்; பெரும்பாலோர் 70 வயதைத் தாண்டியவர்கள். நீங்கள் காணவில்லை என்று தேடிய வயது அந்தப் பட்டியலுக்குள் அப்போது வந்து சேர்ந்தது, தொற்று அவர்களை எட்டிய பிறகு. ஆனாலும் 2023 மே வரைக்குமான ஜப்பானின் மொத்தம் 12 கோடிக்கும் மேற்பட்ட மக்களில் ஏறத்தாழ 74,000. பெருவில் அதன் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான மக்களில் ஏறத்தாழ 2,20,000. ஜப்பானின் 85 வயதுக்காரர் வைரஸைச் சந்தித்தார். மூன்று நான்கு தவணை தடுப்பூசிக்குப் பிறகு சந்தித்தார்.